கர்னலை மாற்றலாமா?

"மாமா, கர்னலை மாத்தியாச்சா?"

என் தங்கை மகன் இந்தக் கேள்வியைக் கேட்ட இடம் வட்டக்கோட்டை. 2019-ம் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. மதில்மேல் நின்று இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே கறுத்த மணல். பின்னால் தூரத்தில் மலை. காலடியில் இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் வெயிலையும் உப்புக்காற்றையும் தின்று கிடக்கிற கருங்கல். அப்படிப்பட்ட இடத்தில் கர்னல் என்ற சொல் காதில் விழுந்தால் சாதாரண மனிதனுக்கு என்ன தோன்றும்? தொப்பியும் மீசையும் உடைவாளுமாக ஒரு பட்டாளத்து அதிகாரிதான் தோன்றுவார். எனக்கும் அவர்தான் தோன்றினார்.

"எந்தப் பட்டாளத்துக் கர்னலை லேய்?" என்றேன்.

அவன் சிரித்த சிரிப்பில், சற்றுத் தள்ளிக் கடலை கொறித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமே திரும்பிப் பார்த்தது.

அவன் கேட்டது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கர்னலைப் பற்றி. ஆனாலும் என்னுடைய தப்பு அப்படியொன்றும் பெரிய தப்பல்ல என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இந்தக் கோட்டையைக் கட்டுவித்தவர் டிலனாய். 1741-ல் குளச்சலில் டச்சுக் கம்பெனிப் படையில் நின்று போரிட்டுத் தோற்றவர். தோற்றவரை மார்த்தாண்டவர்மா விரட்டிவிடவில்லை. தம்முடைய படையைப் பழக்குகிற பொறுப்பையே அவரிடம் கொடுத்தார். 'வலிய கப்பித்தான்' என்று பெயர் பெற்று, 1777-ல் உதயகிரிக் கோட்டையிலேயே அவர் மண்ணானார். படை பழைய படை. நாடு பழைய நாடு. உள்ளேயிருந்து நடத்துகிறவர் மட்டும் புதியவர். யோசித்துப் பார்த்தால் என் மருமகன் கேட்ட கேள்வியும் அதேதான்.

கர்னல் என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்று பொருளாம். கம்ப்யூட்டரில் நம் கண்ணுக்குப் படுவதெல்லாம் ஓடும் தோலும்தான். உள்ளே பருப்பாக இருப்பது ஒரு காரியஸ்தர். நினைவகத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு இடம், எந்தக் கோப்பை டிஸ்கில் எங்கே வைப்பது என்றெல்லாம் பங்கிட்டுக் கொடுக்கிறவர் அவர். பெரிய தறவாட்டில் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடும் காரணவரை எல்லாருக்கும் தெரியும். பத்தாயத்துச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பது வீட்டாருக்கு மட்டும்தான் தெரியும். சாவிக்காரர்தான் கர்னல்.

லினக்ஸ் என்ற கர்னலை 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் எழுதத் தொடங்கினார். வெறும் பருப்பை வைத்துக்கொண்டு யாரும் வயிறு நிறைய முடியாது. ஆகவே அதோடு ஆயிரக்கணக்கான நிரல்களைச் சேர்த்துக் கட்டி, நாம் எடுத்து உபயோகிக்கும்படி கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டுக்கு விநியோகம் என்று பெயர். 1993-ல் ஆரம்பமான டெபியன் அப்படி ஒன்று. சென்னையில் உள்ள சிடாக் நிறுவனத்தார் 2007-ல் வெளியிட்ட 'பாஸ்' என்ற நம் நாட்டு விநியோகம் டெபியனை அடித்தளமாகக் கொண்டதுதான்.

இதெல்லாம் நான் பின்னால் கற்றுக்கொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், என் பழைய மடிக்கணினியில் மருமகன் இலவசமாக ஏதோ ஒன்றைப் போட்டுக் கொடுத்தான், அதில் நான் நாவல் எழுதுகிறேன் என்பது மட்டும்தான். அது ஐந்து வருஷம் தாங்குகிற 'நீண்டகால' வெளியீடு என்று சொல்லியிருந்தான். என்ன பெயர் என்று கேட்காதீர்கள். குற்றம் அதன்மேல் இல்லை.

வீட்டுக்கு வந்ததும், புதிய கர்னல் காத்திருப்பதாகத் திரையின் மூலையில் பல நாளாகக் கண்சிமிட்டிக்கொண்டிருந்த அறிவிப்பை ஓர் உற்சாகத்தில் அமுக்கிவிட்டேன். மறுநாள் காலை தொடர்கதையின் பதினான்காவது அத்தியாயம் பத்திரிகைக்குப் போக வேண்டிய நாள். யந்திரம் எழுந்தது. ஆனால் கம்பியில்லா இணையம் எழவில்லை. அத்தியாயம் திரையில் இருக்கிறது, அனுப்ப வழியில்லை. வாசலில் தபால்காரனை நிறுத்தி வைத்துக்கொண்டு கடிதத்துக்குப் பசை தேடுகிறவன் நிலை எனக்கு.

மருமகனுக்குப் போன் செய்தேன். அவன் பதறவில்லை.

"மாமா, யந்திரத்தை அணைச்சுட்டுத் திரும்பப் போடுங்க. தொடங்கும்போது ஒரு பட்டியல் வரும். அதிலே 'கூடுதல் தேர்வு'ன்னு இருக்கதுக்குள்ளே போங்க. ரெண்டாவது கர்னலா ஒண்ணு கிடக்கும். அதைத் தட்டுங்க."

தட்டினேன். நேற்றைய உலகம் அப்படியே திரும்பி வந்தது. அத்தியாயம் போய்ச் சேர்ந்தது.

விஷயம் இதுதான். என் யந்திரத்தின் இணையக் கருவிக்கு வேண்டிய டிரைவர் கர்னலோடு சேர்ந்து வளர்ந்ததல்ல. வெளியே தனியாக ஒரு கம்பெனி செய்து கொடுத்தது. கர்னலின் உள்ளறைகள் மாறியதும் வெளியே நின்ற பிள்ளைக்கு வழி தெரியவில்லை. நல்லவேளையாகப் பழைய கர்னலை உடனே தூக்கி எறியாமல் ஒரு மூலையில் வைத்திருக்கிற வழக்கம் இந்த விநியோகங்களில் உண்டு. மருமகள் வந்த மறுநாளே மாமியாரைக் காசிக்கு அனுப்பாத குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அனுபவத்திலிருந்து புத்திசாலி ஒருவன் என்ன பாடம் கற்றிருப்பான் என்று தெரியாது. நான் கற்ற பாடம், இனி எதையும் மாற்றுவதில்லை என்பது. அறிவிப்புகளையெல்லாம் நிறுத்தினேன். ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்க வேண்டும்? கொஞ்ச நாளில் எனக்கு வேறு யந்திரம் வந்துவிடவே, இந்தப் பழையதை எங்கள் ஊர் வாசகசாலைக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது ஓர் ஆணையும் சேர்த்துக் கொடுத்தேன்: "யாரும் இதிலே எதையும் புதுப்பிக்கக் கூடாது." மேஜையில் ஒரு சீட்டும் எழுதி ஒட்டினேன். என் கையெழுத்துக்கு ஊரில் அவ்வளவு மரியாதை இருக்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை. ஐந்து வருஷம் ஒருவரும் எதையும் தொடவில்லை.

2024-ம் வருஷம் ஒரு மாலை வாசகசாலையிலிருந்து ஆள் வந்தது. ஒரு பெண்குழந்தை அழுதுகொண்டிருக்கிறாள், வந்து பாருங்கள் என்றார்கள்.

தகப்பன் கடலுக்குப் போகிறவர். பெண் பன்னிரண்டாவது தேறியிருந்தாள். கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். எங்கள் மூலையில் மழையும் காற்றும் அடித்ததில் பகல் முழுக்க மின்சாரம் இல்லை. வந்ததும் ஓடி வந்திருக்கிறாள். வாசகசாலை யந்திரம் எழுந்தது, இணையமும் வந்தது. விண்ணப்பப் பக்கம் மட்டும் திறக்க மறுத்துவிட்டது. உலாவி ஐந்து வருஷப் பழசு. பாதுகாப்பு விஷயத்தில் இன்றைக்குப் பேசுகிற பாஷை அதற்குத் தெரியவில்லை. எதிரே இருந்த யந்திரம் முகம் தெரியாத ஆளுக்குக் கதவைத் திறக்கவில்லை.

"தாத்தா, யாரும் எதையும் தொடக்கூடாதுன்னு நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க" என்றாள் அந்தப் பெண். குற்றம் சாட்டுகிற குரலில் அல்ல. காரணம் சொல்லுகிற குரலில். அதுதான் என்னைச் சுட்டது.

ஆட்டோ பிடித்து அவளை அஞ்சுகிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கடைக்காரர் பாதி இறக்கிய ஷட்டரை மறுபடி தூக்கிவிட்டு உட்காரச் சொன்னார். இரவு பதினொன்றரை மணிக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. திரும்பி வருகிற வழியில் அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை. என்னுடைய 'ஸ்திரத்தன்மை'க்கு இன்னொரு வீட்டுப் பெண் விலை கொடுக்க இருந்தாள். அரைமணி நேர வித்தியாசத்தில் தப்பினோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருமகனை மறுபடியும் வட்டக்கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவனுக்கு நாகர்கோவிலில் ஒரு கம்பெனியில் பலருடைய யந்திரங்களைப் பராமரிக்கிற உத்தியோகம். கோட்டைக்குள் இருக்கிற குளத்தைச் சுற்றிக்கொண்டு, சரிவில் ஏறி, பழைய இடத்தில் போய் நின்றோம்.

"மாற்றினால் முறிகிறது, மாற்றாவிட்டால் இற்றுப் போகிறது. மனுஷன் என்னதான் செய்வான்?" என்றேன்.

"ரெண்டு கதை சொல்லுகேன், கேளுங்க மாமா" என்றான். அவன் சொன்னதை என் பாஷையில் தருகிறேன்.

முதல் கதை. 2016 அக்டோபரில் லினக்ஸ் கர்னலில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. 'அழுக்குப் பசு' என்று அர்த்தம் வருகிற வேடிக்கைப் பெயர் அதற்கு. சாதாரண உபயோகிப்பாளன் ஒருவன் யந்திரத்துக்கே எஜமானன் ஆகிவிடலாம். அந்த ஓட்டை 2007-லிருந்தே அங்கே இருந்தது. ஒன்பது வருஷமாக அடைபடாமலே கிடந்தது. திருத்தம் வந்த பிறகும் பழைய கர்னலை அப்படியே வைத்துக்கொண்டு இருந்தவன், ஓட்டை இருக்கும் இடம் ஊருக்கே தெரிந்த வீட்டில் படுத்துத் தூங்குகிறவன்.

"பார்த்தாயா, பழசு ஆபத்துதான்" என்றேன்.

"அவசரப்படாதீங்க. அடுத்ததைக் கேளுங்க."

இரண்டாவது கதை. 2022 மார்ச்சில் 'அழுக்குக் குழாய்' என்று இன்னொரு ஓட்டை. ஜெர்மனியில் மாக்ஸ் கெல்லர்மன் என்ற நிபுணர், பதிவுக் கோப்புகள் காரணமில்லாமல் கெட்டுப்போவதைத் துப்புத் துலக்கிக்கொண்டே போய்க் கண்டுபிடித்தது. இது 2020-ல் வந்த 5.8 என்ற கர்னலில்தான் வாய் திறந்தது. அதற்கு முந்தியவற்றில் இல்லை. உபுண்டு என்ற விநியோகத்தின் 20.04 என்ற நீண்டகால வெளியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு வழி உண்டு. முதலில் வந்த 5.4 கர்னலோடேயே இருக்கலாம். அல்லது புதிய கருவிகள் வேலை செய்ய வேண்டுமென்று, பின்னால் வந்த கர்னலை ஏற்றிக்கொள்ளலாம். அப்போது 5.13-ஐ ஏற்றிக்கொண்டவர்களுக்கு அந்த ஓட்டை இருந்தது. பழைய 5.4-ல் இருந்தவர்களுக்கு இல்லை.

நான் வாயடைத்துப் போனேன். ஒரே பெயர்ப்பலகை மாட்டிய ஒரே வீடு. பழைய சாவிக்காரரை வைத்திருந்தவன் பிழைத்தான், புதியவரை வைத்தவன் மாட்டினான். முந்தின கதையில் இதற்கு நேர்மாறு.

"அப்போ பழசா புதுசா என்கிறது கேள்வியே இல்லையா?"

"இல்லை மாமா. யாராவது பார்த்துக்கிட்டு இருக்காங்களா என்கிறதுதான் கேள்வி."

அந்த வாக்கியத்தை நான் கொஞ்சம் அரைத்துப் பார்த்தேன். புதிய லினக்ஸ் கர்னல் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒன்று வருகிறது. அதையெல்லாம் அப்படியே விழுங்கிக்கொண்டே போகிற விநியோகங்களும் உண்டு. டெபியன்காரர்கள் ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் தங்கள் 'நிலையான' வெளியீட்டைக் கொண்டு வருகிறார்கள். எப்போதும் மாறிக்கொண்டே இருக்கிற தங்கள் இன்னொரு பிரிவுக்குச் 'சிட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பொம்மைப் படத்தில் பொம்மைகளை உடைக்கிற அடுத்த வீட்டுப் பையனின் பெயர் அது. குறும்பாக இருந்தாலும் நாணயமான பெயர்.

ரெட் ஹாட் கம்பெனியார் செய்தது இன்னொரு விதம். 2014-ல் வந்த தங்கள் ஏழாவது வெளியீட்டில் 3.10 என்ற கர்னலை வைத்தார்கள். 2024 ஜூன் முடியப் பத்து வருஷமும் அதே எண்தான். ஆனால் உள்ளே புதிய கர்னல்களில் வந்த திருத்தங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பொருத்திக்கொண்டே இருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஓடு மாற்றியாகிவிட்டது, உளுத்த உத்திரம் மாற்றியாகிவிட்டது, அடுக்களைத் தரையும் மாற்றியாகிவிட்டது. ஆனாலும் பாட்டன் வீடு பாட்டன் வீடுதான். இருட்டில் நடந்தாலும் படி எங்கே என்று காலுக்குத் தெரியும்.

எழுத்துக்காரனுக்கு இதைப் புரிந்துகொள்வதில் கஷ்டமில்லை. நாவலின் மறுபதிப்பு வருகிறபோது அச்சுப்பிழைகளைத் திருத்துகிறோம். கதையை மாற்றி எழுதுவதில்லை. ஆனால் திருத்துவதிலும் ஓர் அபாயம் உண்டு. என் நாவல் ஒன்றின் இரண்டாம் பதிப்பில், மூன்றாம் அத்தியாயத்தில் வக்கீலாக வந்த ஒருவரை ஏதோ நினைப்பில் டாக்டராக்கிவிட்டேன். பன்னிரண்டாம் அத்தியாயத்தை மறந்துபோனேன். அங்கே டாக்டர் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு கோர்ட்டில் வாதாடினார். வாசகர்கள் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

இதை நான் சொன்னதும் மருமகன் துள்ளினான். "இதேதான் மாமா 2023 டிசம்பரிலே நடந்தது!" என்றான். 6.1 என்பது நெடுங்காலம் காப்பாற்றப்படும் கர்னல்களில் ஒன்று. கோப்புகளை எழுதும் பகுதியில் ஒரு நல்ல திருத்தத்தைப் புதிய கர்னலிலிருந்து எடுத்து அதில் பொருத்தினார்கள். அசல் இடத்தில் அந்தத் திருத்தம் இன்னொரு திருத்தத்தின் தோளில் நின்றுகொண்டிருந்தது. தோளை அங்கேயே விட்டுவிட்டு ஆளை மட்டும் தூக்கி வந்துவிட்டார்கள். விளைவு, சில சந்தர்ப்பங்களில் கோப்புகளே கெட்டுப்போகும் நிலை. டெபியன்காரர்கள் டிசம்பர் 9-ம் தேதி வெளியிட இருந்த 12.3 பதிப்பை அப்படியே நிறுத்திவிட்டு, கர்னலைச் சரிசெய்து, மறுநாள் 12.4 என்று வெளியிட்டார்கள்.

நான் மதில் கல்லைத் தடவிப் பார்த்தேன். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவருக்குப் பலமாக இருக்கட்டுமே என்று சிமெண்டைப் பூசினால், ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே நின்று சுவரையே தின்றுவிடும் என்று பழைய கட்டடங்களைப் பராமரிக்கிறவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். புதியது நல்லதுதான், பலமானதுதான். பழையதோடு அதற்குப் பழக்கம் உண்டா என்று பார்க்க ஒரு மனிதன் வேண்டும்.

அந்த மனிதன் யார் என்று கேட்டேன்.

"அதுதான் மாமா சங்கடம்" என்றான். நெடுங்காலக் கர்னல்களுக்கு ஒருகாலத்தில் ஆறு வருஷம்வரை ஆயுள் கொடுத்தார்கள். இனி இரண்டு வருஷமாகக் குறைத்துக்கொண்டு வருவோம் என்று 2023-ல் சொன்னார்கள். தேவையைப் பொறுத்துச் சிலவற்றின் கெடுவை நீட்டுவதும் உண்டு. குறைப்பதற்குச் சொன்ன காரணங்கள் இரண்டு: அத்தனை பழையதை உபயோகிக்கிறவர்கள் அதிகமில்லை, காப்பாற்றுகிறவர்கள் களைத்துப்போகிறார்கள். அணைகளையும் மின்நிலையங்களையும் நடத்துகிற யந்திரங்களுக்குப் பத்து வருஷமும் அதற்கு மேலும் ஒரே கர்னல் வேண்டுமென்று தனியாக ஒரு கூட்டு முயற்சி 2016-ல் ஏற்பட்டது. அதற்கும் யாரோ சம்பளம் கொடுத்து யாரையோ உட்கார வைத்துத்தான் ஆகவேண்டும்.

களைத்துப்போகிறார்கள் என்று சொல்லும்போது அவன் கண்ணின் கீழே இருந்த கருவளையத்தை அன்றுதான் கவனித்தேன். ஐந்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசியில் என் யந்திரத்தைப் பார்த்துக்கொடுத்தவன் அவன். 'யாரும் எதையும் தொடக்கூடாது' என்று நான் சீட்டு ஒட்டியபோது, பழைய வெளியீட்டுக்கு 2023-ல் கெடு முடிகிறது, அதற்குள் மாற்ற வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறான். நான் அதை இளைஞர்களின் அவசரம் என்று ஒதுக்கினேன். ஸ்திரம் என்று நான் பெருமையாக நினைத்தது உண்மையில் என்னுடைய சோம்பல். உண்மையான ஸ்திரம் அவனுடைய தூக்கத்திலிருந்து பிடித்தம் செய்யப்பட்டது.

இந்தக் கோட்டையும் அப்படித்தான். இருநூற்றைம்பது வருஷம் அசையாமல் நிற்கிறது என்று வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கடல் மோதுகிற இடத்தில் எதுவும் சும்மா நிற்பதில்லை. தொல்பொருள் இலாகா ஆட்கள் இடுக்கில் முளைத்த செடியைப் பிடுங்குகிறார்கள். இளகிய கல்லை மறுபடி உட்கார வைக்கிறார்கள். பிடுங்கியவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

அன்றிரவே இருவரும் வாசகசாலைக்குப் போனோம். என் சீட்டைக் கிழித்தேன். கோப்புகளைத் தனியே பிரதி எடுத்துவிட்டு, புதிய நீண்டகால வெளியீடு ஒன்றைப் போட்டான். எல்லையைத் தாண்டிக் கேரளத்துப் பள்ளிக்கூடங்களுக்குச் செய்து கொடுக்கிற லினக்ஸும் இப்படித்தானாம். நீண்டகால வெளியீடுகளையே அடித்தளமாக வைத்து, 18.04-லிருந்து நிதானமாக 22.04-க்குப் போனார்கள். வாசகசாலைக்கு நாங்கள் வகுத்துக்கொண்ட சட்டம் சின்னது. பாதுகாப்புத் திருத்தங்கள் வாரந்தோறும். கர்னலின் பெரிய மாற்றம் அவசியமிருந்தால் மட்டும். அதுவும் பரீட்சை, விண்ணப்பக் காலத்தில் இல்லை. எது மாறினாலும் முந்தைய கர்னல் ஒன்று பட்டியலில் இருக்க வேண்டும். அடுத்த கெடுத் தேதியை நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வைக்க வேண்டும். இதையெல்லாம் பார்க்க மருமகனைத் தவிர வேறு ஓர் ஆளும் பழக வேண்டும்.

அந்த ஆள் யார் என்பதுதான் கஷ்டமாக இருந்தது. நான் முயன்றேன், என் கை நடுங்குகிற வேகத்தில் தப்பான பொத்தான்களே அமுங்கின.

போன பொங்கல் லீவில் அந்தப் பெண் கல்லூரியிலிருந்து வந்திருந்தாள். வாசகசாலைக்கு வந்து, எப்படிச் செய்கிறது என்று காட்டச் சொன்னாள். மருமகன் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அவளே உட்கார்ந்து கர்னலைப் புதுப்பித்தாள். நான் கதவோரத்தில் நின்றேன். யந்திரம் அணைந்து மறுபடி எழுகிற அந்த அரைநிமிஷம் மூவருமே மூச்சுவிடவில்லை. திரை வெளிச்சமானது. இணையம் வந்தது. அச்சு யந்திரம் முனகியது.

அவள் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் அணைத்தாள்.

"என்ன மக்கா, எல்லாம் சரியாகத்தானே இருக்கு?" என்றேன்.

"ரெண்டாவதும் எழும்புதான்னு பார்த்துக்கிடுகேன் தாத்தா" என்றாள்.